பி.பி.எம். ஆய்வாளரின் மேற்கோள் தாக்கத்தை அளப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

ஒரு ஆய்வாளரின் மேற்கோள் தாக்கம் எவ்வளவு, அதாவது அவருடைய எழுத்தை மற்ற ஆய்வாளர்கள் எந்த அளவுக்கு எடுத்துக் குறிப்பிடுகிறார்கள் என்று கேட்டால், பலரும் கூகுளின் ஆய்வுக்கட்டுரைத் தேடல் தளமான கூகுள் ஸ்காலரைத் திறந்து, அவருடைய பக்கத்தின் வலது ஓரத்தில் இருக்கும் மூன்று எண்களை எழுதிக் கொடுத்துவிடுகிறார்கள். மொத்த மேற்கோள், எச்-இண்டெக்ஸ், ஐ10-இண்டெக்ஸ் (கடைசி இரண்டின் விளக்கம் படி 5-ல்). ஒரு நிமிடத்தில் முடிந்துவிடும். ஆனால் அந்த எண்களை வைத்துத்தான் ஒருவருக்கு வேலை கிடைக்கிறது, பதவி உயர்வு தள்ளிப்போகிறது, ஆய்வு நிதி வருகிறது அல்லது வராமல் போகிறது. ஒருவரின் பல வருட உழைப்பை எடைபோடும் வேலைக்கு இரண்டு மூன்று நாளாவது ஒதுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

வணிகச் செயல்முறை மேலாண்மை, சுருக்கமாக பி.பி.எம்., நிறுவனங்களில் வேலை எந்தெந்தப் படிகளில் நடக்கிறது என்று ஆராய்ந்து மேம்படுத்தும் துறை. மேற்கோளை அளக்கும் விஷயத்தில் இது கூடுதல் கவனம் கேட்கும். செயல்முறைகளைக் கணித வரைபடமாகக் காட்டும் பெட்ரி வலைகளை வைத்துத் தேற்றம் நிறுவுபவரும் பி.பி.எம். ஆய்வாளர்தான், ஒரு நிறுவனத்தில் செயல்முறை மாற்றம் ஏன் தோற்றது என்று ஊழியர்களைப் பேட்டி கண்டு எழுதுபவரும் பி.பி.எம். ஆய்வாளர்தான். முதலாமவர் கணினி அறிவியல் வழக்கப்படி மாநாட்டுத் தொகுப்புகளில் எழுதுவார். இரண்டாமவர் மேலாண்மைத் துறை வழக்கப்படி ஆய்விதழ்களுக்கு அனுப்பிவிட்டுக் காத்திருப்பார். இருவரையும் ஒரே எண்ணால் ஒப்பிட்டால் யாராவது ஒருவருக்கு அநியாயம் நடக்கும். அதைத் தவிர்க்கும் வழிமுறைதான் கீழே இருப்பது.

படி 1: எதற்காக அளக்கிறீர்கள் என்று எழுதி வையுங்கள்

ஒரு வரி போதும். "பேராசிரியர் பதவிக்கான மூன்று விண்ணப்பதாரர்களை ஒப்பிட", "நிதி விண்ணப்பத்தில் என் பணியைப் பற்றி ஒரு பத்தி எழுத", "பிஎச்.டி. நெறியாளரைத் தேர்ந்தெடுக்க". நோக்கம் மாறினால் அளவீடும் மாறும். நெறியாளரைத் தேடும் மாணவருக்கு, அவர் 1998-ல் எழுதிய கட்டுரைக்கு எத்தனை மேற்கோள் என்பதைவிட, கடந்த ஐந்து வருடத்தில் அவருடைய மாணவர்கள் முதல் ஆசிரியராக எழுதியவை எப்படிப் போயிருக்கின்றன என்பது முக்கியம். ஒருவரை மட்டும் விவரிக்கப் போகிறீர்களா, பலரை ஒப்பிடப் போகிறீர்களா என்பதையும் இப்போதே முடிவு செய்துவிடுங்கள். ஒப்பிடுவதென்றால் எல்லோருக்கும் அதே தரவுத்தளம், அதே தேதி, அதே விதி.

படி 2: ஆளைச் சரியாகப் பிடியுங்கள்

பெயரிலேயே வேலை தொடங்குகிறது. பி.பி.எம். உலகில் முன்னொட்டுப் பெயர்கள் அதிகம். வில் வான் டெர் ஆல்ஸ்ட், ஆர்தர் டெர் ஹாஃப்ஸ்டெட், யான் வாம் ப்ராக்க, மார்செல்லோ லா ரோசா என்று இந்தத் துறையின் முக்கியமான பெயர்களையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு கட்டுரையின் மேற்கோள் பட்டியலில் "ஆல்ஸ்ட்" என்று அ வரிசையில் இருக்கும். இன்னொன்றில் "வான் டெர் ஆல்ஸ்ட்" என்று வ வரிசையில் இருக்கும். வேறொன்றில் "டெர்" நடுப்பெயராகிவிட்டிருக்கும். இப்படி ஒரே ஆள் தரவுத்தளத்தில் இரண்டு மூன்று பேராக உடைந்து கிடப்பது சகஜம். இதற்கு நேர்மாறான சிக்கலும் உண்டு. உலகில் பலருக்கு இருக்கும் பொதுவான குடும்பப் பெயர் என்றால், நான்கு பேரின் கட்டுரைகள் ஒரே பக்கத்தில் சேர்ந்து கிடக்கும்.

இதைத் தீர்க்க முதலில் அவருடைய ஆர்கிட் எண்ணைத் தேடுங்கள். 2012-லிருந்து ஆய்வாளர்களுக்கு வழங்கப்படும் 16 இலக்க அடையாள எண் அது. அடுத்து டி.பி.எல்.பி. தளத்தைப் பாருங்கள். ஜெர்மனியின் ட்ரியர் பல்கலைக்கழகத்தில் 1993-ல் தொடங்கிய கணினி அறிவியல் நூற்பட்டியல் இது. ஒரே பெயருள்ளவர்களுக்கு எண் கொடுத்துப் பிரித்து வைப்பதில் கவனமான தளம். மேற்கோள் எண்ணிக்கையை நம்பி இங்கே போக வேண்டாம். யார் எதை எழுதினார் என்பதற்கு இதைவிட நம்பகமான இலவசப் பட்டியல் கணினி அறிவியலுக்கு இல்லை என்பது என் எண்ணம். மேலாண்மை ஆய்விதழ்களில் எழுதுபவராக இருந்தால் டி.பி.எல்.பி.யில் பாதிதான் இருக்கும். அப்போது அவருடைய சொந்தப் பக்கத்தில் உள்ள வெளியீட்டுப் பட்டியலைத்தான் அடிப்படையாகக் கொள்ள வேண்டும்.

தலைப்புச் சொற்களை வைத்துத் தேடுகிறீர்கள் என்றால் ஓர் எச்சரிக்கை. பி.பி.எம். என்ற சுருக்கம் இசையில் நிமிடத்துக்கு எத்தனை தாளம் என்பதையும், மருத்துவத்தில் இதயத் துடிப்பையும், துகள் முடுக்கிகளில் கற்றையின் இடத்தைக் காட்டும் கருவியையும் குறிக்கும். சுருக்கத்தை மட்டும் போட்டுத் தேடினால் வருவதில் பெரும்பகுதி குப்பைதான்.

படி 3: பட்டியலைச் சுத்தம் செய்யுங்கள்

அதிக நேரம் எடுப்பதும் அதிகப் பலன் தருவதும் இந்தப் படிதான். எல்லா வெளியீடுகளையும் ஓர் எக்செல் தாளில் வரிசையாக இடுங்கள். தலைப்பு, ஆண்டு, எங்கே வந்தது, எத்தனை ஆசிரியர்கள், இவர் எத்தனையாவது இடம், டி.ஓ.ஐ. எண் (வெளியீட்டுக்குத் தரப்படும் நிரந்தர இணைய அடையாளம்). அப்புறம் ஒவ்வொரு வரியாகப் போங்கள்.

பி.பி.எம். துறையில் வழக்கமாகச் சிக்கும் விஷயங்கள் இவை.

மாநாட்டுக் கட்டுரையும் அதன் விரிவாக்கமும். 2003-ல் நெதர்லாந்தின் ஐந்தோவனில் தொடங்கிய பி.பி.எம். மாநாட்டில் வரும் நல்ல கட்டுரைகள் பின்னர் விரிந்து ஆய்விதழில் வெளியாவது வழக்கம். அவை இரண்டு தனிப் படைப்புகள். தலைப்பு ஏறக்குறைய ஒன்றாக இருந்தாலும் சேர்க்கக் கூடாது. அதே சமயம், ஒரே கட்டுரையின் முன்வரைவு, பல்கலைக்கழக அறிக்கை வடிவம், இறுதி வடிவம் மூன்றும் தனித்தனி வரிகளாக இருந்தால் ஒன்றாக்க வேண்டும். கூகுள் ஸ்காலர் பக்கத்தில் இப்படி இணைத்த வரியில் மேற்கோள் எண்ணுக்குப் பக்கத்தில் ஒரு நட்சத்திரக் குறி இருந்தால், நிறுத்தி உள்ளே போய்ப் பாருங்கள். அந்த எண்ணில் வேறு ஒரு கட்டுரைக்கான மேற்கோள்களும் கலந்திருக்கலாம்.

மாநாட்டுத் தொகுப்புக்கு ஆசிரியராக இருந்தவை. மாநாட்டின் நிகழ்ச்சிக் குழுத் தலைவராக இருந்தவர் பெயரில் ஸ்பிரிங்கர் பதிப்பகத்தின் தொகுப்பு முழுவதும் ஒரு "படைப்பாக" ஏறிவிடும். தொகுப்பில் உள்ள யாரோ ஒருவரின் கட்டுரையை மேற்கோள் காட்ட வந்தவர் தவறுதலாகத் தொகுப்பையே குறிப்பிட்டிருந்தால் அந்த மேற்கோள் இங்கே விழும். இவற்றைத் தனியாக ஒதுக்குங்கள். தொகுப்பாசிரியர் பணி மதிக்கத்தக்கதுதான். ஆனால் அது மேற்கோள் கணக்கில் சேராது.

பாடநூல்கள். பி.பி.எம். துறையில் பாடநூல்கள் பல பதிப்புகள் காண்பவை. கூகுள் ஸ்காலர் சில சமயம் எல்லாப் பதிப்புகளையும் ஒன்றாக்கும், சில சமயம் பிரிக்கும். பாடநூல் மேற்கோளின் தன்மையும் வேறு: அடிப்படை வரையறைக்கு எல்லோரும் கைநீட்டும் இடம் அது. அவற்றைப் பட்டியலில் வையுங்கள், ஆனால் "பாடநூல்" என்று ஒரு குறி போடுங்கள். கணக்கிடும்போது அது இருந்தால் எவ்வளவு, இல்லாவிட்டால் எவ்வளவு என்று இரண்டையும் பார்க்க வேண்டும்.

மென்பொருள் விளக்கக் கட்டுரைகள். பி.பி.எம். மாநாட்டின் டெமோ பகுதிக் கட்டுரைகள் பெரும்பாலும் சியூர் என்ற இலவச இணையத் தொகுப்புகளில் வந்தவை. சியூர் கட்டுரைகளுக்கு டி.ஓ.ஐ. கிடையாது. ஆகவே டி.ஓ.ஐ.யை நம்பி மேற்கோள்களை இணைக்கும் தளங்களில் இவை குறைவாகவே தெரியும். பலரும் அன்றாடம் பயன்படுத்தும் ஒரு கருவியைப் பற்றிய நான்கு பக்கக் கட்டுரை, ஆசிரியரின் மிகச் செல்வாக்குள்ள வேலையாக இருந்தும் எண்ணில் சிறியதாக நிற்கும். இதைக் கையால் சரிபார்ப்பது தவிர வேறு வழியில்லை.

படி 4: தரவுத்தளங்களைத் தேர்ந்தெடுங்கள்

குறைந்தது இரண்டு வேண்டும். ஒன்று அகலமானது, ஒன்று வடிகட்டியது.

கூகுள் ஸ்காலர் 2004-ல் வந்தது. ஆய்வேடு, முன்வரைவு, நூல், அறிக்கை என்று எல்லாவற்றிலிருந்தும் மேற்கோளை எடுக்கும். எண் எப்போதும் பெரிதாக இருக்கும், சுயமேற்கோளை (தன் கட்டுரையைத் தானே குறிப்பிடுவதை) நீக்கும் வசதி இல்லை, ஒரு கட்டுரைக்கு எத்தனை ஆயிரம் மேற்கோள் இருந்தாலும் முதல் 1,000-ஐத்தான் காட்டும். ஸ்கோபஸும் 2004-ல் வந்ததுதான். எல்செவியர் நிறுவனத்தின் சந்தாத் தளம். மாநாட்டுத் தொகுப்புகளை நன்றாகவே சேர்ப்பதால் பி.பி.எம். ஆய்வாளருக்குப் பொருத்தமானது. வெப் ஆஃப் சயின்ஸின் வேர் யூஜின் கார்ஃபீல்ட் 1964-ல் வெளியிட்ட அறிவியல் மேற்கோள் அட்டவணையில் இருக்கிறது. அதன் மையத் தொகுப்பில் மாநாடுகளுக்குத் தனி அட்டவணை உண்டு; உங்கள் நிறுவனத்தின் சந்தாவில் அது சேர்ந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். சேரவில்லை என்றால் மாநாட்டை நம்பி வாழ்ந்த ஆய்வாளர் ஒருவர் அங்கே பாதி ஆளாகத்தான் தெரிவார்.

சந்தா இல்லாதவர்களுக்கு ஓப்பன் அலெக்ஸ் இருக்கிறது. மைக்ரோசாஃப்ட் அகாடமிக் 2021 கடைசியில் மூடப்பட்டதும், 2022 ஜனவரியில் அந்த இடத்தை நிரப்ப வந்த திறந்த தரவுத்தளம். தரவு முழுவதையும் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். படி 7-ல் இது கை கொடுக்கும். ஆசிரியர் அடையாளத்தில் பிழை இருக்கும், அதனால் படி 2 முடித்த பிறகே இதைத் தொடுங்கள்.

எந்தத் தளமானாலும் எண்ணை எடுத்த தேதியைக் கூடவே எழுதுங்கள். தேதியில்லாத மேற்கோள் எண்ணுக்கு மதிப்பில்லை.

படி 5: கணக்குப் போடுங்கள்

கற்பனையாக ஒரு ஆய்வாளரை எடுத்துக்கொள்வோம். முதல் கட்டுரை வந்து 12 வருடம். சுத்தம் செய்த பட்டியலில் 12 படைப்புகள். மேற்கோள்கள் இறங்கு வரிசையில்: 310, 142, 88, 61, 40, 33, 21, 14, 9, 9, 4, 0. மொத்தம் 731.

எச்-இண்டெக்ஸ் என்பது ஹோர்ஹே ஹிர்ஷ் என்ற இயற்பியலாளர் 2005-ல் முன்வைத்தது. ஒவ்வொன்றும் குறைந்தது எச் மேற்கோளாவது பெற்ற கட்டுரைகள் எச் எண்ணிக்கையில் இருக்க வேண்டும் என்பதுதான் விதி. நம் பட்டியலில் ஒன்பதாவது கட்டுரைக்கு 9 மேற்கோள், சரி. பத்தாவதற்கும் 9தான்; 10 வேண்டும், இல்லை. ஆக எச் 9. பத்து மேற்கோளாவது பெற்ற கட்டுரைகளை எண்ணும் ஐ10 இங்கே 8.

சராசரி 731-ஐ 12-ஆல் வகுக்க ஏறக்குறைய 61. ஆனால் நடுவில் நிற்கும் இரண்டு கட்டுரைகள் 33-ம் 21-ம், இடைநிலை 27. சராசரி இடைநிலையைப் போல இரண்டு மடங்குக்கு மேல் இருப்பதே ஒரு தகவல். இவருடைய மேற்கோளில் பெரும்பங்கு ஒன்றிரண்டு கட்டுரைகளிலிருந்து வருகிறது. 310 மேற்கோள் பெற்ற முதல் படைப்பு மட்டும் மொத்தத்தில் 42 சதவீதம்.

இப்போது அந்த முதல் படைப்பு ஒரு பாடநூல் என்று வையுங்கள். அதை நீக்கிவிட்டுத் திரும்பக் கணக்கிடுங்கள். மொத்தம் 421 ஆகிவிடும், சராசரி 38-க்கு இறங்கிவிடும். எச்? 142, 88, 61, 40, 33, 21, 14, 9, 9 என்று ஒன்பதாவது இடத்தில் இன்னும் 9 நிற்கிறது. எச் அதே 9. மொத்தத்தில் ஏறக்குறைய பாதி போய்விட்டது, எச் அசையவே இல்லை. எச்-இண்டெக்ஸின் பலமும் பலவீனமும் இந்த ஒரு கணக்கில் தெரிந்துவிடும். ஒரே ஒரு பெரிய வெற்றி அதை வீங்க வைக்காது. ஒரு துறையையே புரட்டிப்போட்ட கட்டுரை இருந்தாலும் அதைக் காட்டாது.

பெரிய கட்டுரைகளுக்கு மதிப்புக் கொடுக்க லியோ எக்கே 2006-ல் ஜி-இண்டெக்ஸைக் கொண்டுவந்தார். முதல் ஜி கட்டுரைகளின் மொத்த மேற்கோள், ஜி-யின் வர்க்கத்துக்குக் குறையாமல் இருக்க வேண்டும். நம் ஆய்வாளருக்கு 12-ன் வர்க்கம் 144, மொத்தம் 731. கட்டுரைகளின் எண்ணிக்கையே உச்சவரம்பு என்று வைத்தால் ஜி 12-ல் நின்றுவிடும். மேற்கோளே இல்லாத கற்பனைக் கட்டுரைகளைச் சேர்க்க அனுமதித்தால் 27 வரை போகும். ஒரே ஆள், ஒரே பட்டியல், இரண்டு விடை. ஜி-யைப் பயன்படுத்தினால் எந்த விதி என்று சொல்லியாக வேண்டும். எனக்கு விருப்பம், ஜி-யை விட்டுவிட்டு எச், இடைநிலை, முதல் மூன்று படைப்புகளின் பங்கு ஆகிய மூன்றையும் தருவது. படிப்பவருக்கு உடனே புரியும்.

படி 6: இணையாசிரியர்களையும் சுயமேற்கோளையும் கவனியுங்கள்

கணினியில் பதிவான நிகழ்வுகளை வைத்து ஒரு செயல்முறை உண்மையில் எப்படி நடக்கிறது என்று கண்டறிவதுதான் ப்ராசஸ் மைனிங். ப்ராசஸ் மைனிங் அறிக்கை என்று 2012-ல் அச்சான ஆவணம் ஒன்று உண்டு. ஐ.இ.இ.இ. என்ற பொறியாளர் அமைப்பின் ப்ராசஸ் மைனிங் பணிக்குழு வெளியிட்டது. 77 வல்லுநர்கள் பங்களித்தார்கள், 53 அமைப்புகள் ஆதரவு தந்தன. அந்தத் துறையில் எழுதும் யாரும் அதை மேற்கோள் காட்டாமல் இருப்பது அரிது. அதன் ஆசிரியர் பட்டியலில் இருக்கும் ஒவ்வொருவரின் கூகுள் ஸ்காலர் பக்கத்திலும் அத்தனை மேற்கோளும் முழுசாக ஏறும். இது யார் தவறும் இல்லை, கருவி அப்படி எண்ணுகிறது. ஆனால் இளம் ஆய்வாளர் ஒருவரின் மொத்தத்தில் பாதி இப்படி வந்திருந்தால் அதைத் தெரிந்துகொள்ளாமல் ஒப்பிடக் கூடாது.

எளிய தீர்வு, ஒவ்வொரு கட்டுரையின் மேற்கோளையும் ஆசிரியர் எண்ணிக்கையால் வகுத்துவிட்டு எச்-ஐ மறுபடி கணக்கிடுவது. ஆன்-வில் ஹார்ஸிங் உருவாக்கிய இலவச மென்பொருளான பப்ளிஷ் ஆர் பெரிஷ் இதைத் தானே செய்து தரும். நம் கற்பனை ஆய்வாளரின் கட்டுரைகளுக்கு முறையே 4, 2, 5, 3, 4, 3, 3, 2, 3, 1, 2, 2 ஆசிரியர்கள் என்று வைத்தால், வகுத்து வரிசைப்படுத்தியதும் 77.5, 71, 20.3, 17.6, 11, 10, 9, 7 என்று போகும். ஏழாவது இடத்தில் 9 இருக்கிறது, எட்டாவதில் 7தான். எச் 9-லிருந்து 7 ஆகிறது. அதை 12 வருடத்தால் வகுத்தால் வருடத்துக்கு 0.58. எழுதத் தொடங்கி வெவ்வேறு காலம் ஆனவர்களை ஒப்பிட இந்தக் கடைசி எண் ஓரளவு நியாயமானது. இதில் ஒரு கவனிக்கத்தக்க விஷயம்: தனியாக எழுதி 9 மேற்கோள் மட்டும் பெற்ற கட்டுரை, மூவர் எழுதி 21 மேற்கோள் பெற்றதைத் தாண்டி மேலே வந்துவிட்டது.

ஆசிரியர் வரிசையைப் பற்றி ஒரு சொல். பி.பி.எம். துறையில் பெரும்பாலும் பங்களிப்பு வரிசைதான். மாணவர் முதலிலும் நெறியாளர் கடைசியிலும் வருவார்கள். ஆனால் கோட்பாட்டுப் பக்கம் சாய்ந்த குழுக்கள் அகர வரிசையில் போடுவதுண்டு. முதல் ஆசிரியர் கட்டுரைகளை மட்டும் எண்ணும் முன், அவர் குழுவின் நாலைந்து கட்டுரைகளைப் பார்த்து வழக்கத்தை உறுதி செய்துகொள்ளுங்கள்.

சுயமேற்கோளை ஸ்கோபஸிலும் வெப் ஆஃப் சயின்ஸிலும் நீக்கிப் பார்க்கலாம். நீக்குவதற்கு முன்னும் பின்னும் உள்ள எண்களை இரண்டையும் எழுதுங்கள். சுயமேற்கோள் இருப்பதே குற்றம் என்று நினைக்க வேண்டாம். ஒரு மாதிரியாக்க மொழியையோ பதிவுகளிலிருந்து செயல்முறையைக் கண்டறியும் ஓர் அல்காரிதத்தையோ பத்து வருடம் தொடர்ந்து வளர்ப்பவர் தன் முந்தைய வேலையைக் குறிப்பிடாமல் எப்படி எழுதுவார்? விகிதம் அதே துறையில் உள்ள மற்றவர்களைவிடத் துருத்திக்கொண்டு நின்றால் மட்டும் உள்ளே போய்ப் பாருங்கள்.

படி 7: சரியான ஆட்களோடு ஒப்பிடுங்கள்

எச் 9 நல்லதா கெட்டதா? யாரோடு ஒப்பிடுகிறோம் என்று தெரியாமல் பதில் இல்லை.

தரவுத்தளங்கள் இதற்கென ஒரு துறைசார் எடையிட்ட மதிப்பைத் தருகின்றன. ஸ்கோபஸின் கணக்கில், ஒரு கட்டுரை வெளியான ஆண்டிலும் அடுத்த மூன்று ஆண்டுகளிலும் பெற்ற மேற்கோளை, அதே துறை, அதே ஆண்டு, அதே வகைக் கட்டுரைகளின் உலகச் சராசரியால் வகுப்பார்கள். 1 என்றால் உலகச் சராசரி. கேட்க நியாயமாக இருக்கிறது. ஆனால் பி.பி.எம். ஆய்வாளரை இது நேராகப் பாதிக்கும் இடம் ஒன்று உண்டு. கட்டுரையின் துறை, அது வந்த தொடரின் துறையை வைத்தே முடிவாகிறது. பி.பி.எம். மாநாட்டின் முதன்மைக் கட்டுரைகள் ஸ்பிரிங்கரின் எல்.என்.சி.எஸ். தொடரில் வருகின்றன, ஸ்கோபஸில் அது பொதுக் கணினி அறிவியல், கோட்பாட்டுக் கணினி அறிவியல் என்று வகைப்படுத்தப்பட்டிருக்கிறது. அதே மாநாட்டின் பயிலரங்குக் கட்டுரைகள் எல்.என்.பி.ஐ.பி. தொடரில் வருகின்றன; அதற்கு மேலாண்மைத் தகவல் முறைமை, வணிகம் முதலிய வகைகள். அதே வாரம், அதே கட்டடம், ஒரே ஆய்வாளர். ஒரு கட்டுரை கோட்பாட்டு அறிஞர்களோடு ஒப்பிடப்படுகிறது, இன்னொன்று மேலாண்மை ஆய்வாளர்களோடு. உள்ளடக்கத்துக்கும் ஒப்பீட்டுக்கும் தொடர்பே இல்லாமல் போகிறது. ஆகவே இந்த மதிப்பைத் தசம இலக்கம் வரை நம்பி வரிசைப்படுத்தாதீர்கள்.

இதைவிட நான் நம்புவது, நாமே ஒப்பீட்டுக் குழுவை உருவாக்கிக்கொள்ளும் முறை. ஆய்வாளரின் கட்டுரை 2015 பி.பி.எம். மாநாட்டில் வந்தது என்றால், அந்த ஆண்டுத் தொகுப்பின் எல்லாக் கட்டுரைகளையும் டி.பி.எல்.பி.யிலிருந்து எடுங்கள். ஒவ்வொன்றின் மேற்கோளையும் ஓப்பன் அலெக்ஸிலிருந்து இழுங்கள். வரிசைப்படுத்தி நம் கட்டுரை எங்கே நிற்கிறது என்று பாருங்கள். "அந்த ஆண்டின் முதன்மைக் கட்டுரைகளில் மேல் கால்பங்கில்" என்ற வாக்கியம், எந்தச் சூத்திரமும் தெரியாதவருக்கும் புரியும். தகவல் முறைமைகளுக்கான கெய்ஸ் மாநாடு, ப்ராசஸ் மைனிங்குக்கென 2019-ல் ஜெர்மனியின் ஆஹனில் தொடங்கிய ஐ.சி.பி.எம். மாநாடு, துறையின் ஆய்விதழ்கள் எல்லாவற்றுக்கும் இதையே செய்யலாம். இவருடைய முக்கியமான ஐந்தாறு கட்டுரைகளுக்குச் செய்தாலே போதும்.

உட்பிரிவையும் பாருங்கள். 1990-களில் பணியோட்ட அமைப்புகள் பற்றி எழுதியவர் ஒரு சிறிய சமூகத்துக்காக எழுதினார். பின்னால் ப்ராசஸ் மைனிங் பெருகியபோது எழுதுபவர்களும் பெருகினார்கள், ஒவ்வொரு கட்டுரையின் மேற்கோள் பட்டியலும் நீண்டது. நிகழ்வுப் பதிவுகளை வைத்து எழுதுபவரையும், செயல்முறை முதிர்ச்சி மாதிரிகளை எழுதுபவரையும் ஒரே தட்டில் வைக்க வேண்டாம்.

ஸ்கோபஸ் தரவை வைத்து ஜான் அயனிடிஸ் குழு 2019-லிருந்து வெளியிடும் பட்டியலை, பலரும் "உலகின் முதல் 2 சதவீத விஞ்ஞானிகள்" என்று குறிப்பிடுகிறார்கள். அதில் வாழ்நாள் தாக்கம், ஒரே ஆண்டின் தாக்கம் என்று இரண்டு தனி அட்டவணைகள் உண்டு. யாராவது அதில் இருப்பதாகச் சொன்னால் எந்த அட்டவணை, எந்த ஆண்டு, எந்த உட்பிரிவு என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.

படி 8: மேற்கோள்களைப் படியுங்கள்

எண்ணுவதை இங்கே நிறுத்திவிட்டு வாசிக்க உட்காருங்கள். முக்கியமான இரண்டு மூன்று கட்டுரைகளை எடுத்து, அவற்றை மேற்கோள் காட்டியவற்றிலிருந்து நாற்பது ஐம்பதைக் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுங்கள். கூகுள் ஸ்காலர் காட்டும் வரிசையில் மேலிருந்து எடுத்தால் ஏற்கெனவே புகழ்பெற்றவையாகவே வந்து சேரும். ஆகவே ஸ்கோபஸிலிருந்தோ ஓப்பன் அலெக்ஸிலிருந்தோ முழுப் பட்டியலை இறக்கி, எக்செலில் குலுக்கி எடுங்கள். ஒவ்வொன்றிலும் நம் ஆய்வாளரின் பெயர் எந்த வாக்கியத்தில் வருகிறது என்று பாருங்கள்.

சில முன்னுரையில் வரும். "ப்ராசஸ் மைனிங் வேகமாக வளரும் துறை" என்ற வாக்கியத்தின் முடிவில் எட்டு எண்கள் ஒரே அடைப்புக்குள் இருக்கும், அதில் ஒன்று இவர். சில செய்முறைப் பகுதியில் வரும்: இவருடைய அல்காரிதத்தை எடுத்து ஓட்டியிருப்பார்கள், அல்லது தங்கள் முறை இதைவிட மேல் என்று காட்ட ஒப்பீட்டுக்கு வைத்திருப்பார்கள். சில, இவர் விட்ட இடத்திலிருந்து தொடங்கியிருக்கும். இந்த மூன்றாம் வகை கொஞ்சம் இருந்தாலே போதும், அந்த வேலை வேர்விட்டிருக்கிறது என்று சொல்லலாம்.

ஆல்ஃபா அல்காரிதத்தை எடுத்துக்கொள்ளுங்கள். நிகழ்வுப் பதிவிலிருந்து பெட்ரி வலையைக் கண்டுபிடிக்க வான் டெர் ஆல்ஸ்டும் இணையாசிரியர்களும் தந்த முறை, 2004-ல் வெளியானது. அதைக் குறிப்பிடும் கட்டுரைகளில் கணிசமானவை அதன் குறையைச் சொல்லத்தான் குறிப்பிடுகின்றன: பிழையான பதிவுகளைத் தாங்காது, குட்டிச் சுழற்சிகளில் தடுமாறும் என்று. குறை சொல்லும் மேற்கோளை எதிர்மறை என்று தள்ளிவிட்டால் பெரிய தவறாகிவிடும். அந்தக் குறைகளைத் தீர்க்கப் போய்த்தான் அடுத்தடுத்த அல்காரிதங்கள் பிறந்தன. தாக்கத்துக்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டுமா?

செமாண்டிக் ஸ்காலர் தளம் மேற்கோள்களைப் பின்னணி, முறை, முடிவு என்று தானாகவே பிரித்துக் காட்டும். முதல் சல்லடைக்கு நல்லது. கடைசி முடிவுக்கு உங்கள் கண் வேண்டும்.

யார் மேற்கோள் காட்டுகிறார்கள் என்பதையும் பாருங்கள். பி.பி.எம். சமூகம் ஒருவரையொருவர் நன்கு அறிந்த சமூகம். எல்லா மேற்கோளும் அதற்குள்ளேயே சுற்றுகிறதா, மருத்துவமனை நிர்வாகம், தணிக்கை, மென்பொருள் பொறியியல் என்று வெளியேயும் போகிறதா? வெளியிலிருந்து வரும் பத்து மேற்கோள் சில சமயம் உள்ளிருந்து வரும் நூறைவிட அதிகம் சொல்லும்.

படி 9: மேற்கோளில் விழாதவற்றைத் தேடுங்கள்

இந்தத் துறையின் செல்வாக்கில் பெரிய பகுதி மேற்கோள் பட்டியலுக்கு வெளியே இருக்கிறது. ப்ரோம், பி.எம்4பை போன்ற திறந்தமூல ப்ராசஸ் மைனிங் கருவிகளைப் பயன்படுத்துபவர் அதற்கான கட்டுரையைக் குறிப்பிடாமல் இணைய முகவரியை அடிக்குறிப்பில் போட்டுவிட்டுப் போய்விடுவார். நிகழ்வுப் பதிவுக்கான எக்ஸ்.இ.எஸ். வடிவம் 2016-ல் ஐ.இ.இ.இ. தரநிலையானது, செயல்முறைகளை வரைந்து காட்டும் குறியீட்டு மொழியான பி.பி.எம்.என். 2013-ல் ஐ.எஸ்.ஓ. தரநிலையானது. தரநிலைக் குழுவில் உழைத்தவருக்கு மேற்கோள் வராது, ஆனால் அவருடைய முடிவுகள் ஒவ்வொரு மென்பொருளிலும் இருக்கும்.

தரவுத்தொகுப்புகளின் கதையும் இதேதான். பி.பி.ஐ. சவால் என்ற தரவு அலசல் போட்டிக்கு 2012-ல் வெளியான நிகழ்வுப் பதிவு ஒரு டச்சு நிதி நிறுவனத்தின் கடன் விண்ணப்பங்களைக் கொண்டது: 13,087 விண்ணப்பங்கள், 2,62,200 நிகழ்வுகள். எத்தனையோ அல்காரிதங்கள் அதன் மேல்தான் சோதிக்கப்பட்டன. அதற்கு டி.ஓ.ஐ. இருந்தும், பலர் கட்டுரை உடலில் அதன் சுருக்கப் பெயரை மட்டும் எழுதிவிட்டு மேற்கோள் பட்டியலில் சேர்ப்பதில்லை. எனவே ஆய்வாளர் ஏதாவது தரவு வெளியிட்டிருந்தால், அதன் சுருக்கப் பெயரை முழு உரைத் தேடலில் போட்டு எத்தனை கட்டுரைகளில் வருகிறது என்று தனியாக எண்ணுங்கள். காப்புரிமை ஆவணங்கள் அவருடைய கட்டுரையைக் குறிப்பிடுகின்றனவா என்பதையும் கூகுள் பேட்டன்ட்ஸில் ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.

படி 10: எழுதுங்கள், பிறகு அவரிடமே காட்டுங்கள்

ஒற்றை எண்ணாகக் கொடுக்காமல் ஒரு பத்தியாகக் கொடுங்கள். நம் கற்பனை ஆய்வாளருக்கு இப்படி இருக்கலாம்: "சுத்தம் செய்த பட்டியலில் 12 படைப்புகள். இன்ன தேதியில் கூகுள் ஸ்காலரில் 731 மேற்கோள், எச் 9. அதிகம் மேற்கோள் பெற்ற படைப்பு ஒரு பாடநூல். மொத்தத்தில் 42 சதவீதம் அதற்குரியது. அதை நீக்கினாலும் எச் 9 மாறவில்லை. ஆசிரியர் எண்ணிக்கையால் வகுத்தால் எச் 7. மாநாட்டுக் கட்டுரைகளில் இரண்டு அந்தந்த ஆண்டுத் தொகுப்பின் மேல் கால்பங்கில் உள்ளன. படித்துப் பார்த்த மேற்கோள்களில் எத்தனை முன்னுரையில், எத்தனை அவருடைய முறையைப் பயன்படுத்தியவை." ஸ்கோபஸ் எண்களை அடுத்த வரியில் சேருங்கள். ஒரு கட்டுரையை, அது வெளியான ஆய்விதழின் தாக்கக் காரணியை (அந்த இதழின் கட்டுரைகளுக்குச் சராசரியாக எத்தனை மேற்கோள் என்ற எண்ணை) வைத்து எடைபோடாதீர்கள். 2012-ல் சான் பிரான்சிஸ்கோவில் உருவாகி அடுத்த ஆண்டு வெளியான, ஆய்வு மதிப்பீட்டைப் பற்றிய டோரா பிரகடனம் இதைத்தான் முதலில் கேட்டுக்கொண்டது.

அனுப்புவதற்கு முன் ஒரு வேலை பாக்கி இருக்கிறது. 2015-ல் நேச்சர் இதழில் வந்த, ஆய்வு அளவீடுகளைப் பற்றிய லைடன் அறிக்கையின் பத்துக் கொள்கைகளில் ஐந்தாவது, மதிப்பிடப்படுபவருக்குத் தரவைச் சரிபார்க்கும் வாய்ப்புத் தர வேண்டும் என்கிறது. உங்கள் எக்செல் தாளை ஆய்வாளருக்கு அனுப்பி ஒரு வாரம் அவகாசம் கொடுங்கள். விட்டுப்போன சியூர் கட்டுரை, வேறொருவருடையது தவறிச் சேர்ந்தது, இரண்டு முறை எண்ணப்பட்ட முன்வரைவு என்று ஏதாவது ஒன்று திரும்பி வரத்தான் செய்யும். திருத்தங்களைச் சேர்த்து, எண்களை மறுபடி ஒரே நாளில் எடுத்து, எச்-ஐயும் இடைநிலையையும் புதுப்பித்து, அந்தத் தேதியோடு அறிக்கையை அனுப்புங்கள். தாளை அழிக்காமல் வைத்திருங்கள். அடுத்த வருடம் இதே கேள்வி வந்தால் படி 4-லிருந்து தொடங்கினால் போதும்.